கடிதத்துக்கு ஒரு ஈயத் துண்டு

ஜனவரி 12

அன்புள்ள அண்ணா,

நான் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் "எனக்கென்ன, ஜோரா இருக்கேன்" என்பாய். பல்வலியில் கன்னம் பூசணிக்காயாக வீங்கியிருந்தபோதும் அதையேதான் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை போன் அம்மாவுக்கு, கடிதம் நமக்கு என்று கிளம்பும்போது பேசிக்கொண்டோமே, அதன்படி முதல் கடிதம் என்னுடையது.

ஒரே ஒரு அறை கிடைத்திருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் குழாய்கள் தெரியும். மேல்வீட்டில் ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார். இத்தனை வருடம் ஊரார் வாயைத் திறக்கவைத்த பாவத்துக்கோ என்னவோ, இப்போது வயலின் கற்றுக்கொள்கிறார். தினமும் சாயங்காலம் ஒரே பாட்டு, ஒரே இடத்தில் வழுக்கல். மேல் தந்திக்குத் தாவும்போது வில் சறுக்கி "கீச்" என்று ஒரு சத்தம் வரும். பல் கூசும். தொழில் பழக்கம் போலிருக்கிறது.

கடையில் யாராவது "உன் தங்கச்சி என்ன வேலை பாக்குது?" என்று கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பதாகச் சொன்னாய். கேட்டுக்கொள். டம்ளர் உயரத்துக்கு ஒரு உலோக உருளை. சுவர் இரண்டு விரல் தடிமன், நடுவில் பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதற்குள் ஆராய வேண்டிய பொருள், கொஞ்சம் திரவம், மேலே ஒரு பிஸ்டன். பிரஸ் என்கிற ஹைட்ராலிக் இயந்திரத்தில் வைத்து அழுத்தி, அழுத்தம் குறையாதபடி நட்டை இறுக்கிப் பூட்டி, அப்படியே தூக்கிக்கொண்டு போய் நியூட்ரான்கள் வரும் பாதையில் வைப்போம். அந்தத் தடிச் சுவர் நியூட்ரானுக்கு ஒரு பொருட்டே இல்லை. உள்ளே புகுந்து, இறுக்கத்தில் அணுக்கள் எப்படி ஒண்டிக்கொண்டு நிற்கின்றன என்று பார்த்துவிட்டு வெளியே வரும். உருளைக்கு அழுத்தக் கலம் என்று பெயர். நான் கலம் செய்கிறவள். ஜூனில் எங்கள் புதுக் கலத்துக்கு நியூட்ரான் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். சாதாரணக் காற்றின் அழுத்தத்தைப் போல இருபதாயிரம் மடங்கை அது தாங்கிவிட்டால் என் வேலை நிரந்தரம் என்று மேடம் சொல்லியிருக்கிறார். மேடம் என்பவர் எங்கள் பிரிவுத் தலைவி. அவர் சிரித்து நான் இன்னும் பார்க்கவில்லை.

இதில் ஒரு சங்கடம். பிரஸ்ஸில் உள்ள மீட்டர் தன் எண்ணெயின் அழுத்தத்தைத்தான் காட்டும். வழியில் உராய்வு எவ்வளவு தின்றது, உள்ளே எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று அதற்குத் தெரியாது. அதனால் பொருளோடு ஒரு துளி ஈயத்தையும் போட்டுவிடுவோம். எந்த அழுத்தத்தில் ஈயம் எவ்வளவு சுருங்கும் என்பது எங்களுக்கு அத்துப்படி. மீட்டர் என்ன சொன்னாலும் ஈயம் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்வோம்.

உன் கடிதத்திலும் எனக்கு ஒரு ஈயத் துண்டு வேண்டும். "எல்லாரும் நலம்" என்று நீ எழுதினால் நான் நம்பமாட்டேன். அம்மா உன்னை எதற்குத் திட்டினாள் என்று ஒவ்வொரு தடவையும் எழுது. திட்டுகிறாள் என்றால் நன்றாக இருக்கிறாள். திட்டாத வாரம் நான் டிக்கெட் எடுக்கிறேன்.

பெட்டியின் அடியில் உன் மரக் கைப்பிடி ஸ்க்ரூடிரைவர் கிடைத்தது. பெட்டியைச் சோதித்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏன் வைத்தாய்?

உன்
வாலு


பிப்ரவரி 2

அன்புள்ள வாலு,

கடிதம் வந்தது. உனக்குப் பிடிக்காவிட்டாலும் எழுதுகிறேன்: நான் ஜோராக இருக்கிறேன்.

ஈயத் துண்டு: குளியலறைக் குழாய் சொட்டுகிறது. "ஊரு பம்ப்பையெல்லாம் சரி பண்றவன் வீட்டுக் குழாய் அழுதுட்டு கெடக்கு, இவனுக்கு ஒரு கடை, அதுக்கு ஒரு போர்டு வேற" என்று காலையில் ஆரம்பித்தாள், பல் தேய்த்து முடிக்கும்வரை நிறுத்தவில்லை. ஆக அம்மா பரம சௌக்கியம். குழாயைச் சரி செய்யாமல் வைத்திருக்கிறேன். உனக்கு எழுத விஷயம் வேண்டாமா?

நீ சொன்னதைப் படித்ததும் புரிந்துவிட்டது. பிஸ்டன் இருக்கிறது, உருளை இருக்கிறது, தண்ணீர் மட்டும் வெளியே வராது. அப்படிப்பட்ட பம்ப்பைத்தான் வாரத்துக்கு நாலு பேர் என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நீ அதைப் படித்துப் பட்டம் வாங்கி, வேலை மெனக்கெட்டுச் செய்கிறாய். கடையில் இப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஸ்க்ரூடிரைவர் சும்மா வைத்தேன். கையில் நம்ம வீட்டுச் சாமான் ஒன்று இருக்கட்டுமே என்று.

இருபதாயிரம் மடங்கு என்று நீ சாதாரணமாக எழுதிவிட்டாய். நான் அந்த வரியை மூன்று தடவை படித்தேன். அம்மா உன்னை அனுப்பமாட்டேன் என்று நின்றபோது "அவளுக்கு ஒண்ணும் ஆகாது, நான் பொறுப்பு" என்று சொன்னவன் நான். அதை மறந்துவிடாதே. பிரஸ்ஸைச் சுற்றித் தடுப்பு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதற்குப் பின்னால் நில்.

எனக்கும் ஒரு ஈயத் துண்டு வேண்டும். அந்த டாக்டரின் வயலின் எந்த நிலையில் இருக்கிறது என்று தவறாமல் எழுது. சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டுத் திட்டிக்கொண்டிருக்கிறாய் என்றால் நேரத்துக்கு வீடு திரும்புகிறாய், உயிரோடு இருக்கிறாய் என்று அர்த்தம். எனக்கு அது போதும்.

அன்புடன்
அண்ணன்


பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லாம் நலம். ஈயத் துண்டை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: டாக்டர் அதே இடத்தில் கீச். நேற்று அவர் மனைவி "போதும், பக்கத்து வீட்டு நாய் வீட்டை விட்டே போயிடும்" என்று சொன்னது கூரைவழியாக எனக்குக் கேட்டது. வாசிப்பு நிற்கவில்லை. மனுஷருக்கு நெஞ்சழுத்தம் அதிகம்.

தடுப்பு இருக்கிறது, பயப்படாதே. பிரஸ்ஸைச் சுற்றிலும் கை தடிமனுக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பலகை. அதில் ஒரு கதவு. அழுத்தம் ஏறும்போது கதவைத் திறக்கக்கூடாது என்று சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கிறது. மேடம் அதைத் தினமும் வாயாலும் சொல்கிறார்.

ஆனால் ஒரு தொல்லை. பாதி அழுத்தத்தைத் தாண்டியதும் "டிக்" என்று ஒரு சத்தம். கொஞ்சம் ஏற்றினால் இன்னொரு டிக். உருளை விரிசல் விடுகிறதா, பிஸ்டன் முனகுகிறதா, பிரஸ்ஸின் தூண் சோம்பல் முறிக்கிறதா, தெரியவில்லை. பிஸ்டன் என்றால் மாற்றிவிடலாம். உருளை என்றால் ஒன்றரை மாத வேலை பாழ், ஜூனை மறந்துவிட வேண்டியதுதான். மேடம் எல்லாவற்றையும் கழற்றிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்கிறார். அனுப்பினால் திரும்பி வருவதற்குள் எங்கள் நேரத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். எனக்குத் தூக்கமே இல்லை.

நீயாக இருந்தால் என்ன செய்வாய்?

குழாயைச் சரி செய்துவிடு, பாவம் அம்மா.

உன்
வாலு


மார்ச் 10

அன்புள்ள வாலு,

நலம். குழாயைச் சரி செய்துவிட்டேன். அம்மா திட்ட விஷயமில்லாமல் ஒரு நாள் தவித்துப்போனாள். அப்புறம் கொசுவைப் பிடித்துக்கொண்டாள். விஷயம் என்னவென்றால், எனக்குக் கொசு சத்தம் கேட்பதே இல்லை. அவள் ராத்திரியெல்லாம் கையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நான் கும்பகர்ணன் மாதிரி தூங்குகிறேனாம். "மோட்டாரு பக்கத்துலயே கெடந்து காதைத் தொலைச்சுட்டான்" என்று திட்டு. இங்கே காது டாக்டரும் அதையேதான் சொன்னார். தாழ்ந்த சத்தம் எல்லாம் கேட்கும், கொசு, விசில் மாதிரிக் கீச்சுகள் மட்டும் போய்விட்டன. நஷ்டமில்லை, நிம்மதிதான்.

உன் டிக் விஷயம். இதற்கா தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டாய்? உன் பெட்டியில் மருந்தை வைத்து அனுப்பியிருக்கிறேனே! ஸ்க்ரூடிரைவரை எடு. நுனியை இரும்பின் மேல் வை. கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்தி வை. முதலில் தூணில், அப்புறம் உருளையில், அப்புறம் பிஸ்டனுக்குப் பக்கத்தில். எங்கே வைக்கும்போது டிக் உன் மண்டைக்குள்ளேயே கேட்கிறதோ அங்கேதான் நோய். பேரிங் போன பம்ப்பை நான் இப்படித்தான் கண்டுபிடிக்கிறேன், ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. மேடத்துக்குச் சொல்லாதே, சிரிப்பார். சிரித்தால் நல்லதுதானே!

டாக்டரின் கீச் எப்படி இருக்கிறது?

அன்புடன்
அண்ணன்


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணா,

நலம். பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வேலை முதுகை முறிக்கிறது.

டிக் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. பிஸ்டன்தான். பழையது போய்விட்டது, புதியது வந்துவிட்டது. உருளைக்கு ஒன்றுமில்லை. புதுப் பிஸ்டனைப் போட்டுப் பாதிக்கு மேல் ஏற்றிப் பார்த்தோம், சத்தமே இல்லை, ஜூனுக்கு நாங்கள் தயார்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. டாக்டர் தேறிவிட்டார்! அதே பாட்டுதான், ஆனால் அந்த இடத்தில் கீச்சே இல்லை. வழவழவென்று தாண்டிப் போகிறார். மாடிப்படியில் பார்த்தபோது "ரொம்ப நல்லா வாசிக்கிறீங்க" என்று கையைக் கொடுத்தேன். மனுஷர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார். கூச்சம் போலிருக்கிறது.

அம்மா என்ன சொல்லித் திட்டினாள்?

உன்
வாலு


மே 3

வாலு,

அம்மா உன்னைத்தான் திட்டுகிறாள். "போன்ல எதைச் சொன்னாலும் என்ன, என்னங்கறா. தொண்டை வத்திப் போகுது. வேலைக்குப் போனதும் நான் பேசறது காதுல ஏறலை" என்கிறாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் உன் கடிதம் வந்தது.

வந்த அன்றைக்குச் சந்தோஷமாகப் படித்தேன். டாக்டர் தேறிவிட்டார் என்று கடையில் டீ குடிக்க வந்தவரிடம்கூடச் சொன்னேன். மறுநாள் ஒரு பம்ப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சட்டென்று உறைத்தது. வருஷ ஆரம்பத்திலிருந்து ஒரே இடத்தில் வழுக்குகிற மனுஷர். அந்த வழுக்கலில் வருவது விசில் மாதிரி ஒரு கீச். அது உனக்கு ஒரேயடியாக நின்றுவிட்டது. ஒன்று, அவர் கை தேறியிருக்க வேண்டும். இல்லை, உன் காது போயிருக்க வேண்டும். எனக்குக் கொசு நின்றுபோனதும் இப்படித்தான். ஊரில் கொசுவே ஒழிந்துவிட்டது என்றுதான் முதலில் நானும் நினைத்தேன்.

கேலி செய்யவில்லை. உடனே இதைச் செய். உன் கைக்கடிகாரத்தில் அலாரம் வை. ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேள். அடுத்ததைப் பொத்திக்கொண்டு கேள். எது கேட்டது, எது கேட்கவில்லை என்று எழுது. எழுதுவதற்கு முன்னால் காது டாக்டரிடம் போ.

"பழையது போய்விட்டது" என்று எழுதியிருக்கிறாய். எப்படிப் போனது? நான் சொன்ன ஸ்க்ரூடிரைவரை நீ எங்கே நின்றுகொண்டு வைத்தாய்?

அண்ணன்


மே 18

அன்புள்ள அண்ணா,

இடது காதில் அலாரம் கேட்டது. வலது காதில் கேட்கவில்லை. கடிகாரம் கெட்டுவிட்டது என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். கடைசியில் படுக்கையில் உட்கார்ந்து அழுதேன்.

நடந்தது இதுதான். உன் கடிதம் வந்த வாரம் மேடம் கூட்டத்துக்குப் போயிருந்தார். அழுத்தம் பாதியைத் தாண்டி நின்றுகொண்டிருந்தது. கதவைக் கொஞ்சமாகத் திறந்து, தலையை உள்ளே நீட்டி, ஸ்க்ரூடிரைவரின் நுனியைத் தூண், உருளை என்று வைத்துப் பார்த்துவிட்டு, பிஸ்டனுக்குப் பக்கத்தில் வைத்துக் கைப்பிடியை வலது காதுப் பக்கம் அழுத்தினேன். ஒரு டிக் கேட்டது, தெளிவாக, மண்டைக்குள்ளேயே. பிஸ்டன்தான் என்று தெரிந்துவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த நொடி பிஸ்டன் நொறுங்கியது. சில்லு எதுவும் வெளியே வரவில்லை, எல்லாம் உருளைக்குள்ளேயே நின்றுவிட்டது. சத்தம் மட்டும்தான். துப்பாக்கி வெடித்த மாதிரி. ஒரு வாரம் காதுக்குள் ஒரே ரீங்காரம். அப்புறம் அடங்கியது. அடங்கிவிட்டதே, சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அண்ணா, நான் உன்னிடம் பொய் சொல்லவில்லை. டாக்டர் தேறிவிட்டார் என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

காது டாக்டரிடம் போனேன். தாழ்ந்த சத்தமெல்லாம் இருக்கிறது, மேல் சத்தம் வலது பக்கம் போய்விட்டது என்றார். உடனே வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாமாம். இப்போது வருவதற்கில்லை.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். அம்மாவிடம் நீ பொறுப்பு ஏற்றுக்கொண்டாய் என்பது ஒன்று. பெரிய காரணம் வேறு. சொன்னவன் நீ. உனக்குத் தெரிந்தால் நீ சாப்பிடமாட்டாய், தூங்கமாட்டாய், கடையைப் பூட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடுவாய். நீ பம்ப்புக்குத்தான் சொன்னாய், எனக்கு அது தெரியும். பம்ப் வெடிக்காது. கலம் வெடிக்கும் என்று படித்தவள் நான். சிவப்பு எழுத்தைத் தினமும் பார்த்தவள் நான். கதவைத் திறந்தது என் கை. இதை நீ நம்பியே ஆக வேண்டும்.

மேடத்திடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிஸ்டன் தானாக உடைந்தது என்றுதான் அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியை இழுத்து என் இடது பக்கம் போட்டு உட்கார்ந்துகொண்டார். விசாரணை முடியும்வரை பிரஸ்ஸைத் தொடக்கூடாது என்று உத்தரவு. ஜூன் பரிசோதனை நடக்கும், ஆனால் அழுத்தம் ஏற்றுவது அவர். வேலை என்ன ஆகும் என்று தெரியவில்லை.

அம்மாவிடம் இப்போது சொல்லாதே. சீக்கிரம் எழுது. திட்டி எழுதினாலும் பரவாயில்லை.

உன்
வாலு


ஜூன் 9

அன்புள்ள அண்ணா,

கடிதம் இல்லை. கடைக்குப் போன் செய்தால் மணி அடிக்கிறது, எடுப்பாரில்லை. அம்மா போனில் "அவன் இருக்கான்" என்கிறாள், அதற்கு மேல் பேச்சை மாற்றுகிறாள்.

கலம் தாங்கிவிட்டது. என்னைக் கட்டுப்பாட்டு அறையில் உட்காரவைத்தார்கள். திரையில் மேடு பள்ளமாக ஒரு கோடு வரும், அதில் ஈயத்தின் மேடு எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். மீட்டர் இருபதாயிரத்துக்கும் மேலே காட்டியது. ஈயம் இருபதாயிரத்துக்குச் சரியாக வந்து நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் செய்த உருளை, நான் செதுக்கிய நட்டு. நான் முதலில் நினைத்தது உன்னைத்தான். சந்தோஷத்தைச் சொல்ல ஆளில்லாமல் வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினேன்.

மேல்வீட்டில் டாக்டர் வாசித்தார். வழக்கம்போல இடது கன்னத்தைத் தலையணையில் புதைத்துப் படுத்திருந்தேன், எனக்கு வழவழவென்றுதான் கேட்டது. இடது காதைத் திருப்பி வைத்துக் கேட்டேன். தூரத்தில் மெல்லிசாக, அந்தக் கீச் அங்கேதான் இருந்தது. பாவம், இவரைப் போய்ப் பாராட்டினேனே! நான் குத்திக்காட்டியதாக நினைத்து அவர் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டாராம், அவர் மனைவி சொன்னார்.

கோபமா அண்ணா? கோபம் என்றால் அதையாவது எழுது.

உன்
வாலு


ஜூன் 20

மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

எனக்கு எல்லாம் தெரியும். உன் கடிதம் வந்த அன்றைக்கே உன் அண்ணன் அடுப்படிக்கு வந்து நின்றான். "நான்தாம்மா அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், அவ காது போச்சு" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதான். அவன் அழுது நான் பார்த்து எத்தனையோ வருஷமாச்சு. உன்னைத் திட்ட வந்த வாய் அடைத்துப்போய்விட்டது. கவலைப்படாதே, இப்போது திறந்துவிட்டது.

நீ ஒரு அறிவுகெட்ட கழுதை. அவன் அதற்கு மேல் கழுதை. அந்தப் பைத்தியக்காரன் என்ன செய்கிறான் தெரியுமா? வலது காதில் பஞ்சை அடைத்து, அதற்கு மேல் மெழுகை உருக்கிப் பூசிக்கொண்டு திரிகிறான். "அவளுக்கு எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கிறேன்" என்கிறான். சாப்பிடும்போது, குளிக்கும்போது, கடையில், எல்லா நேரமும். வலது பக்கம் வந்த சைக்கிள்காரன் மணி அடித்தது கேட்காமல் குறுக்கே போய் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தான். நான் வலது பக்கம் நின்று கூப்பிட்டால் இடது பக்கம் திரும்பி "என்னம்மா?" என்கிறான். அங்கே யார் இருக்கிறார்கள், சுவர் இருக்கிறது! உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லையாம், தெரிந்த பிறகு எழுதுவானாம். ஒரு நல்ல ஸ்க்ரூடிரைவர், அதையும் உன்னிடம் கொடுத்துவிட்டு இங்கே வேறு வாங்கியிருக்கிறான்.

நீ போனில் என்ன, என்ன என்றபோது நான் கோபித்துக்கொண்டேன். அதை மனதில் வைத்துக்கொள்ளாதே கண்ணு. இனி மெதுவாகப் பேசுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா


ஜூன் 28

என் வாலு,

பஞ்சை இன்றைக்குத்தான் எடுத்தேன். அம்மா சொல்லியிருப்பாள், திட்டும் சேர்த்து அனுப்பியிருப்பாள். அதுதான் இந்தத் தடவை ஈயத் துண்டு.

கதவைத் திறந்தது உன் கை என்று எழுதியிருந்தாய். நம்பச் சொன்னாய். எவ்வளவோ முயற்சி செய்து பார்த்தேன், முழுதாக முடியவில்லை. பாதி உன் கை, பாதி என் வாய் என்று வைத்துக்கொள்வோம். எனக்கு ரொம்ப வலிக்கிறது வாலு. அதை ஜோராக இருக்கிறேன் என்று மாற்றி எழுத இன்றைக்கு மனசில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் ஒன்றே ஒன்றுதான். ஒரு வாரம் ரீங்காரத்தோடு தனியாக இருந்திருக்கிறாய். உடனே சொல்லியிருந்தால் மருந்துக்காவது வழி இருந்திருக்கும். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று உன் காதைக் கொடுத்துவிட்டாய். இனி அப்படிச் செய்யாதே. நான் படுத்துக்கொண்டால் அம்மா எழுப்பிவிடுவாள், அது அவள் பாடு.

பஞ்சு வைத்துக்கொண்டு கற்றுக்கொண்டதை எழுதுகிறேன், கேலி செய்யாமல் படி. எந்த அறைக்குப் போனாலும் சுவர் உன் வலது பக்கம் இருக்கிற மாதிரி உட்கார். அப்போது ஊர் முழுக்க உன் இடது பக்கம்தான். தெருவில் யாரோடாவது நடந்தால் அவர்களை இடது பக்கம் விட்டு நட. சாலையைக் கடக்கும்போது காதை நம்பாதே, கழுத்தைத் திருப்பு. நாலு பேர் சேர்ந்து பேசினால் கேட்காது, கேட்ட மாதிரித் தலையாட்டாதே. நான் அப்படித் தலையாட்டி, பழைய மோட்டார் ஒன்றை என் தலையில் கட்டிவிட்டார்கள். பாட்டு கேட்டால் ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருக்கும், கொஞ்ச நாளில் அந்த இடத்தை மனசே நிரப்பிக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு கேட்காதே, அப்போதுதான் அழுகை வரும்.

கலம் தாங்கியதைக் கடையில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிவிட்டேன். தண்ணீர் வராத பம்ப்பை என் தங்கச்சி ஜெயிக்கவைத்துவிட்டாள்.

அந்த ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிப் போட்டுவிடு.

எப்போதும் உன்
அண்ணன்


ஜூலை 15

என் அண்ணனுக்கு,

தூக்கிப் போடமாட்டேன். நேற்று அதை வைத்துத்தான் கட்டில் திருகை இறுக்கினேன்.

கட்டிலை இடம் மாற்றிப் போட்டுவிட்டேன், சுவர் வலது பக்கம். சாப்பாட்டு அறையில் நாற்காலியையும். மேடம் கவனித்துவிட்டு "யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்றார். "எங்க அண்ணன், ஒரு மாசம் படிச்சுட்டு வந்து சொன்னாரு" என்றேன். பஞ்சுக் கதையைச் சொன்னதும் மேடம் சிரித்தார் அண்ணா! கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விசாரணை முடிந்தது. வேலை இன்னும் நிரந்தரமில்லை. தற்காலிகம் ஒரு வருடம் நீள்கிறது. கதவு திறந்தால் பிரஸ் தானாக நின்றுவிடுகிற மாதிரி பூட்டு வைக்கிறார்கள். சத்தத்தைக் கேட்பதற்கு மூன்று இடத்தில் மைக் ஒட்டுவது என் பொறுப்பு. தூணில், உருளையில், பிஸ்டனுக்குப் பக்கத்தில். நீ சொன்ன அதே வரிசை. தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இடது காதில் கேட்கலாம். பிரிவில் எல்லாரும் அதற்கு "ஸ்க்ரூடிரைவர்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உன் பாதியில் கொஞ்சத்தைக் கழித்துக்கொள்.

இப்போது ஈயத் துண்டு. ஞாயிற்றுக்கிழமை மேல்வீட்டுக்குப் போய் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் குத்திக்காட்டவில்லை, எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னேன். அவர் வயலினை எடுத்தார். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, என் இடது பக்கம் வந்து நின்றார். "அந்தப் பாட்டையே கீழ்த் தந்திகளுக்கு இறக்கி வாசிக்கிறேன்மா. அது உங்களுக்கு ரெண்டு காதுலயும் கேக்கும்" என்றார்.

வாசித்தார். நிதானமாக, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு. சத்தம் தாழ்ந்து, கனமாக, இரண்டு காதிலும் வந்தது. அந்த இடம் நெருங்கியது. அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதே இடத்தில் வழுக்கினார் அண்ணா. கீச்சுக்குப் பதிலாக ஒரு உறுமல். வலது காதில் நன்றாகக் கேட்டது.

உன்
வாலு